ஆலை விபத்தும் நிகழ்தகவு வலையும்: நம்பப்படுவதும் நடப்பதும்

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு ஊருக்குள் போகாமல் தடுக்க ஒன்றுக்கு ஐந்தாக ஏற்பாடுகள் இருந்தன. தொட்டியைக் குளிராக வைத்திருக்க ஒரு குளிரூட்டி. சூடு ஏறினால் ஒலிக்க ஓர் அபாய மணி. வெளியேறும் வாயுவைக் காரக் கரைசலால் முறிக்க ஒரு ஸ்க்ரப்பர். அதையும் தாண்டி வந்தால் எரித்துவிட ஃப்ளேர் கோபுரம். கடைசிக்கு, தண்ணீரைப் பீய்ச்சி வாயுவை அமுக்கும் குழாய்கள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த ஏறத்தாழ 42 டன் திரவம் கொதித்தது. ஐந்தில் ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

உடனடியாக இறந்தவர்கள் 2,259 பேர் என்றது முதல் அரசுக் கணக்கு. மத்தியப் பிரதேச அரசு பின்னர் உறுதிசெய்த எண்ணிக்கை 3,787. அதற்கும் மேல் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஐந்து ஏற்பாடும் ஒரே இரவில் செயலிழந்ததை நம்ப முடியாத தற்செயல் என்று சொல்பவர்கள் உண்டு. ஆலைப் பாதுகாப்புப் பொறியாளர்கள் சென்ற இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கையில் எடுத்திருக்கும் பேய்சியன் வலை என்ற கணக்குமுறை, அதில் தற்செயல் மிகக் குறைவு என்று காட்டுகிறது. இந்த முறையைப் பற்றியும், ஆலை ஆபத்தைப் பற்றிப் பொதுவாகவும், படித்தவர்கள் நடுவிலேயே சில நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"அரண்கள் பல இருந்தால் ஆபத்து பல மடங்கு குறையும்"

இதுதான் ஆணிவேர். எனவே இதில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

பள்ளியில் படித்த கணக்கு நினைவிருக்கலாம். ஓர் அரண் பத்துக்கு ஒரு முறை பழுதாகும் என்றால், அப்படி மூன்று அரண்களும் சேர்ந்தாற்போல் பழுதாக ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. பத்தில் ஒன்றை மூன்று முறை பெருக்கினால் போதும். பெல் ஆய்வகத்தில் 1962இல் மினிட்மேன் ஏவுகணைக்காக உருவான ஃபால்ட் ட்ரீ என்ற பழுது மரமும், அதன் எளிய வடிவில், இப்படித்தான் பெருக்குகிறது. இந்தப் பெருக்கலுக்குள் ஒரு நிபந்தனை உண்டு: மூன்று அரண்களுக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது.

போபாலில் தொடர்பு இருந்ததா? பூச்சிமருந்து விற்பனை சரிந்து ஆலை நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. குளிரூட்டியை 1984 ஜூனில் நிறுத்தினார்கள். அதன் குளிர்பொருளையும் எடுத்துவிட்டார்கள். குளிரூட்டி நின்றதால் தொட்டி எப்போதும் மணி அடிக்கும் வெப்பநிலைக்கு மேலேயே இருந்தது. ஆகவே மணிக்கும் வேலையில்லாமல் போயிற்று. அக்டோபரில் உற்பத்தி நின்ற பிறகு ஸ்க்ரப்பரைச் சும்மா வைத்தார்கள். ஃப்ளேர் கோபுரத்துக்குப் போகும் குழாயில் அரித்துப்போன ஒரு துண்டைக் கழற்றியவர்கள் மாற்றுத் துண்டைப் பொருத்தியிருக்கவில்லை. அந்தப் பிரிவில் ஷிப்டுக்குப் பன்னிரண்டாக இருந்த ஆட்களை ஆறாகக் குறைத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாயின் பீய்ச்சல் மட்டும் வேறு கதை. அது வாயு வெளியேறிய உயரத்தை எட்டவே இல்லை. ஸ்க்ரப்பர் ஓடியிருந்தாலும் அந்த வேகத்தில் வந்த வாயுவை அதனால் முறித்திருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இவை இரண்டும் வடிவமைப்பின் குறை. மற்றவை எல்லாம் ஒரே காரணத்தின் பிள்ளைகள்: செலவைக் குறை.

மூன்று வாளிகளை ஒரே கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கியவருக்குக் கயிறு அறுந்தால் மூன்றும் போகும். வாளிகளை மட்டும் எண்ணுகிறவர் கயிற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பேய்சியன் வலை கயிற்றையும் வரையச் சொல்கிறது. அது வட்டங்களும் அம்புகளும் உள்ள ஒரு படம். ஒவ்வொரு வட்டமும் ஒரு கேள்வி: ஸ்க்ரப்பர் ஓடுகிறதா, பராமரிப்பு ஒழுங்காக நடக்கிறதா, தொட்டியில் அழுத்தம் ஏறுகிறதா. ஒன்று மற்றொன்றைப் பாதிக்குமானால் நடுவே ஓர் அம்பு. ஒவ்வொரு வட்டத்துக்கும் பின்னால் ஓர் அட்டவணை. 'பராமரிப்பு நன்றாக இருந்தால் பழுதாகும் வாய்ப்பு இவ்வளவு, மோசமாக இருந்தால் இவ்வளவு' என்று அதில் எழுதியிருக்கும். அவ்வளவுதான் கருவி. மீதி எல்லாம் கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும்.

ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது பங்கு காலம் அங்கே பராமரிப்பு நன்றாக நடக்கிறது. அப்போது ஓர் அரண் பழுதாக இருக்கும் வாய்ப்பு 5 சதவீதம். மீதி ஒரு பங்கு காலம் பராமரிப்பு மோசம். அப்போது 55 சதவீதம். சராசரி பார்த்தால் 10 சதவீதம் வரும். அதாவது தணிக்கைக்கு வருகிறவரின் ஏட்டில் அதே 'பத்துக்கு ஒன்று' தான் இருக்கும். மூன்று அரண்களும் சேர்ந்து பழுதாகும் வாய்ப்பை இப்போது வலையில் கணக்கிட்டால் 1.675 சதவீதம். ஆயிரத்தில் ஒன்று என்று நினைத்தது ஆயிரத்தில் ஏறத்தாழ பதினேழு ஆகிவிட்டது. எந்த அரணின் தரமும் குறையவில்லை. மூன்றுக்கும் மேலே 'பராமரிப்பு' என்று ஒரு வட்டத்தை வரைந்தோம், வேறெதுவும் செய்யவில்லை.

பழுது மரத்திலும் பொதுக் காரணத்தைச் சேர்க்க வழி உண்டு என்று பொறியாளர்கள் சொல்வார்கள். உண்மைதான், உண்டு. ஆனால் அங்கே அது பின்னால் ஒட்டவைக்கும் திருத்தம். மறந்தாலும் கணக்கு விடை தந்துவிடும். வலையை வரைகிறவரால் 'இந்த இரண்டுக்கும் நடுவே அம்பு வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. இத்தாலியில் போப்பியோவும் சகாக்களும் 2001இல் பழுது மரத்தை வலையாக மாற்றும் வழியைக் காட்டினார்கள். கனடாவில் நிமா கக்சாத், ஃபைசல் கான், பால் அமியோட் மூவரும் 2011இல் வேதியியல் ஆலைகளுக்காக இரண்டு முறைகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். சார்புகளைக் காட்டுவதிலும், புதுச் செய்தி வந்தால் கணக்கைப் புதுப்பிப்பதிலும் வலைதான் வசதி என்பது அவர்கள் கண்டது.

"ஒரு கருவி பழுதானால் அதைச் சரிசெய்துவிட்டால் போதும்"

மேலே சொன்ன ஆலைக்கே திரும்புவோம். காலையில் ஓர் அரண் பழுதாக இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஃபிட்டர் வருகிறார், சரிசெய்கிறார், கையெழுத்துப் போடுகிறார், போகிறார். வழக்கம் இதுதான்.

வலை வேறு கேள்வி கேட்கும். இந்தப் பழுது, பராமரிப்பைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது? கணக்குப் போட்டால், பராமரிப்பு மோசமாக இருக்கும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 55க்குத் தாவியிருக்கும். அதனால் இன்னும் யாரும் தொட்டுப் பார்க்காத அடுத்த அரண் பழுதாக இருக்கும் வாய்ப்பும் 10இலிருந்து 32.5 சதவீதம் ஆகியிருக்கும். இரண்டாவதும் பழுது என்று தெரிந்தால் பராமரிப்பு மோசம் என்பது 93 சதவீதம் உறுதி. மூன்றாவது அரண் வேலை செய்யுமா செய்யாதா என்பது ஏறக்குறைய காசு சுண்டிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிடும். கண்ணில் பட்ட ஒரு பழுது கண்ணில் படாத பழுதுகளுக்குச் சாட்சி.

பிரஸ்பிட்டேரியன் போதகரான தாமஸ் பேய்ஸ் எழுதிவைத்துவிட்டுப் போனது இந்தப் பின்னோக்கிய கணக்கைத்தான். அவர் 1761இல் இறந்தார். நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் அந்தக் கட்டுரையை அச்சேற்றினார். அதை வட்டமும் அம்புமாக்கி, 1985இல் பேய்சியன் வலை என்று பெயரிட்டவர் ஜூடியா பேர்ல். அவருக்கு 2011ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.

தமிழ்நாட்டிலிருந்தே ஒரு நிகழ்வு. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று 6ஆம் அலகின் கொதிகலனில் வெடிவிபத்து நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தின் 5ஆம் அலகுக் கொதிகலனில் மறுபடியும் வெடிவிபத்து, மறுபடியும் சாவுகள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா என்பது விசாரணைக்குரிய விஷயம். ஆனால் ஒரே நிலையம், ஒரே நிர்வாகம் என்று இருக்கும்போது, முதல் விபத்து நடந்த அன்றே மற்ற அலகுகளின் ஆபத்துக் கணக்கும் கூடிவிட்டது என்று கொள்வதுதான் பேய்சியன் முறை. அந்த அலகுகளைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாவிட்டாலும் கூடியதுதான்.

"அலாரம் அடித்தால் உடனே நம்ப வேண்டாமா?"

நம்ப வேண்டும் என்பது விதிப்புத்தகம். நம்புவதில்லை என்பது கன்ட்ரோல் ரூம். யார் சரி?

ஒரு வாயுக் கசிவு உணர்கருவி. கசிவு இருந்தால் நூற்றுக்கு 95 முறை அடிக்கும். கசிவு இல்லாதபோதும் நூற்றுக்கு 2 முறை அடித்துவிடும். நல்ல கருவிதான். உண்மையான கசிவு ஆயிரம் ஷிப்டுக்கு ஒன்று என்று வையுங்கள். ஆயிரம் ஷிப்டில் உண்மையான அலாரம் ஒன்று, பொய் அலாரம் இருபது. அடித்துவிட்டதே என்று ஓடினால் அது உண்மையாக இருக்கும் வாய்ப்பு 4.5 சதவீதம். ஆபரேட்டர் அலட்சியக்காரர் அல்ல. அனுபவத்தில் அவர் கற்றுக்கொண்டதும் இதே எண்தான், காகிதத்தில் எழுதவில்லை என்பதைத் தவிர.

பிழை அடுத்த படியில் வருகிறது. தனித்த இன்னொரு சான்றும் வருகிறது. குழாயில் அழுத்தம் வழக்கம் மாறி நகர்கிறது என்று வைப்போம். கசிவு இருந்தால் 90 சதவீதமும், இல்லாவிட்டால் 5 சதவீதமும் இப்படி நகரும் என்றால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது 4.5 சதவீதம் 46 ஆகிறது. தனித்தனியாகப் பார்த்தால் புறக்கணிக்கத் தோன்றும் இரண்டு செய்திகள், சேர்ந்தால் ஆட்களை வெளியேற்றும் அளவுக்குக் கனமாகின்றன. மனித மூளை இப்படிச் சேர்ப்பதில் சுமார். அதுவும் இரவு ஷிப்டில்.

போபாலில் இரவு 10.20க்கு 610ஆம் தொட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. 10.45க்கு ஷிப்ட் மாறியது. 11 மணிக்கு 10 பவுண்டு. 2 முதல் 25 வரை வழக்கம்தான் என்பதால் புது ஷிப்டில் வந்தவருக்கு அது ஒன்றுமில்லை. முந்தைய அளவு அவர் கண்முன் இல்லை. போதாக்குறைக்கு, கருவிகள் அடிக்கடி தப்பாகக் காட்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பதினொன்றரை வாக்கில் தொழிலாளர்களுக்குக் கண் எரிந்தது. மெத்தில் ஐசோசயனேட் கொஞ்சம் கசிவதும் கண் எரிவதும் அந்த ஆலையில் வாடிக்கை. தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அழுத்தம் ஒரு தாளில், எரிச்சல் கண்ணில், குளிரூட்டி இல்லை என்பது பழைய செய்தியாக எல்லோர் மனதின் மூலையில். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை.

ஓர் எச்சரிக்கை: உணர்கருவிக்கும் அழுத்தமானிக்கும் ஒரே மின்சாரக் கம்பி என்றால் அவை இரண்டு சான்றுகள் ஆகா. அங்கேயும் ஓர் அம்பு போட வேண்டும்.

"இத்தனை வருடமாக ஒன்றும் நடக்கவில்லையே"

ஆலை வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று எண் மாற்றும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகையின் மீது எனக்கு மரியாதை இல்லை.

முதலில் கணக்கு. இருபது ஆண்டில் பெருவிபத்து எதுவும் நடக்கவில்லை என்றால், அதிலிருந்து 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவது, விபத்து விகிதம் ஆண்டுக்கு இருபதில் மூன்றைத் தாண்டாது என்பது மட்டுமே. அதாவது ஏழு ஆண்டுக்கு ஒன்றுவரை இருக்கலாம். அரிய நிகழ்வைப் பற்றி வெறும் மௌனம் சொல்லும் செய்தி அவ்வளவு குறைவு.

அடுத்தது, எதை எண்ணுகிறோம் என்பது. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பிபி சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்த வெடிப்பில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். வழுக்கி விழுதல், கைவிரல் நசுங்குதல் போன்ற தனிநபர் காயங்களின் எண்ணிக்கை குறைந்துவந்ததை ஆலை பாதுகாப்பாக இருப்பதற்கு அடையாளமாக அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது என்று விபத்துக்குப் பின் அமைந்த பேக்கர் குழு 2007இல் சுட்டிக்காட்டியது. காயங்களைத் தடுப்பது ஒரு வேலை, அன்று நடந்ததுபோல் கோபுரம் நிரம்பி வழியாமல் தடுப்பது வேறு வேலை. வலையில் வரைந்தால் இரண்டு வட்டங்களுக்கும் நடுவே மெல்லிய உறவுதான் இருக்கும். ஹெல்மெட் போடாதவருக்கு அபராதம் விதிக்கும் ஆலைகள் பலவற்றில், பைபாஸ் செய்து (செயல்படாமல் விலக்கி) வைத்த இன்டர்லாக் என்ற தானியங்கித் தடுப்புகளுக்கு ஒரு பட்டியல்கூட இருப்பதில்லை.

அப்படியானால் எதை எண்ணுவது? இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு வழி காட்டுகிறது. 2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை, 912ஆம் எண் தொட்டி பெட்ரோலால் நிரம்பி வழிந்தது. மட்டம் காட்டும் கேஜ் ஓரிடத்திலேயே சிக்கி நின்றுவிட்டது. அது கைவிட்டால் தானாக வரத்தை நிறுத்த வேண்டிய தனி சுவிட்சும் வேலை செய்யவில்லை. சோதனை நெம்புகோலை நிலைநிறுத்தும் சிறு பூட்டை மாட்டாமல் விட்டிருந்தார்கள். ஆவி மேகமாகப் பரவித் தீப்பற்றியது. 43 பேர் காயம். ஞாயிறு விடியல் என்பதால் ஒருவரும் சாகவில்லை. நடுவார நண்பகலாக இருந்தால் கதை வேறு. ஆகஸ்டுக் கடைசியிலிருந்து அன்றுவரை அந்தக் கேஜ் 14 முறை சிக்கியிருந்தது என்று பின்னர் தெரியவந்தது.

அந்தப் பதினான்கும் விபத்துப் பலகையில் ஏறவில்லை. ஆனால் வலைக்கு அவைதான் உணவு. மூன்றரை மாதத்தில் பதினான்கு என்ற தரவை உள்ளே கொடுத்தால் கேஜின் மீதான நம்பிக்கை தரைமட்டம் ஆகியிருக்கும். தனி சுவிட்ச் ஒன்றுதான் மிச்சம், அதை இன்றே சோதி என்று கணக்கே சொல்லியிருக்கும். விபத்து அரிது, விபத்தின் முன்னோடிகள் அரிதல்ல.

"நின்றுபோன ஆலை ஆபத்தில்லாத ஆலை"

போபாலில் அந்த இரவு மெத்தில் ஐசோசயனேட் உற்பத்தி நடக்கவில்லை. நின்று ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. டெக்சாஸ் சிட்டியில் பராமரிப்புக்காக நிறுத்திய பிரிவை மறுபடி ஓட்டத் தொடங்கிய காலை அது. விசாகப்பட்டினத்தில் எல்ஜி பாலிமர்ஸ் ஆலை பொதுமுடக்கத்தில் நின்றிருந்தது. 2020 மே 7 பின்னிரவில் அங்கிருந்து கசிந்த ஸ்டைரீன் ஆவி ஆர்.ஆர்.வெங்கடாபுரத்துக்குள் புகுந்து பன்னிரண்டு பேரைக் கொன்றது. நெய்வேலியின் முதல் விபத்து நடந்த அதே நாள்.

ஸ்டைரீன் சூட்டில் தானாகவே பிணைந்து பாலிமராகும். அப்படி ஆகும்போது இன்னும் சூடாகும். அதைத் தடுக்க ஒரு ரசாயனம் கலந்திருக்கும். நாள் போகப்போக அது தீரும். ஆலை ஓடினால் சரக்கு தீர்ந்து புதிது வரும். நின்றுபோனால் சரக்கு அப்படியே கிடக்கும், தடுப்பான் தீரும், ஆட்கள் குறைவு, கவனம் குறைவு. எல்ஜி ஆலையில் வெப்பமானி தொட்டியின் அடியில் இருந்தது. சூடு மேலே ஏறியது. அபாயச் சங்கும் ஊதவில்லை.

வலையில் 'ஆலையின் நிலை' என்று ஒரு வட்டம் வரைந்து ஓட்டம், நிறுத்தம், தொடக்கம் என்று மூன்று மதிப்புகள் கொடுத்தால், அதிலிருந்து எத்தனை அம்புகள் கிளம்புகின்றன என்பது வரைகிறவருக்கே வியப்பாக இருக்கும். ஆண்டுச் சராசரியை வைத்துப் போடும் கணக்கு, ஆபத்து ஆண்டின் சில நாட்களில் குவிந்து கிடப்பதை மறைத்துவிடுகிறது.

"தரவு இல்லாமல் இதெல்லாம் ஊகம்"

பாதி உண்மை. பெருவிபத்துக்குப் போதிய தரவு எந்த ஆலையிடமும் இராது; இருந்தால் அந்த ஆலை இராது. ஆனால் வால்வு, பம்ப், உணர்கருவி இவற்றின் பழுதுக்குத் தரவு உண்டு. வடகடல் எண்ணெய் நிறுவனங்கள் 1980களிலிருந்து சேர்த்துவரும் ஒரெடா தொகுப்பு ஓர் எடுத்துக்காட்டு. பெரிய நிகழ்வைச் சிறு நிகழ்வுகளாக உடைத்து, சிறியவற்றுக்குத் தரவைத் தேடுவதுதான் வலையின் உத்தி. எண் கிடைக்காத இடத்தில் அனுபவமுள்ளவரின் மதிப்பீடு தொடக்கமாக நிற்கும். தரவு வரவரக் கணக்கு அதை இடம்பெயர்த்துவிடும்.

இதில் உண்மையான தலைவலி வேறு. ஒரு வட்டத்துக்குள் பத்து அம்புகள் வந்தால், ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே நிலை கொண்டதாக இருந்தாலும், அட்டவணையில் 1,024 வரிகள். எந்த ஃபோர்மேனிடமும் 1,024 கேள்விகள் கேட்க முடியாது. குறுக்குவழிகள் உண்டு, காரணங்கள் தனித்தனியே வேலை செய்கின்றன என்று கொண்டால் காரணத்துக்கு ஓர் எண் வீதம் பத்துப் பதினொன்றோடு முடித்துவிடலாம். ஆனால் அந்த 'என்று கொண்டால்' என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். பெரும்பாலும் எழுதுவதில்லை.

"கம்ப்யூட்டரே வலையை வரைந்துவிடும்"

தரவு மலைபோல் குவிந்திருந்தால் ஓரளவு வரையும். ஆலையில் குவிவதில்லை. தவிர, ஒரே தரவுக்கு அம்பின் திசை மாறிய இரண்டு வலைகள் சம அளவில் பொருந்தலாம். எது எதற்குக் காரணம் என்பதை எண்கள் மட்டும் சொல்லிவிடாது. குழாயைத் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். எனவே வலை வரையும் கூட்டத்தில் ஷிப்ட் ஆபரேட்டரும் ஃபிட்டரும் ஒப்பந்தத் தொழிலாளியும் உட்காரவில்லை என்றால் அது மேலதிகாரிகளின் நம்பிக்கைகளை வரைந்த படம்தான்.

"கடைசியில் எல்லாம் மனிதத் தவறு"

விபத்து நடந்த மறுநாள் வரும் முதல் அறிக்கையில் இந்த வரி இருக்கும். வலையில் மனிதத் தவறும் ஒரு வட்டம்தான். ஆனால் அதற்குள்ளும் அம்புகள் வந்து சேரும்: தொடர் ஷிப்ட், பாதியாகக் குறைந்த ஆட்கள், தப்பாகக் காட்டும் கருவி, படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் கையேடு. வேறொரு காரணம் உறுதியானால் தொழிலாளியின் மீதான ஐயம் கணக்கில் தானாகவே இறங்கும். கேஜ் பொய் சொன்னது தெரிந்த பிறகு, கேஜை நம்பியவர் கவனக்குறைவானவர் என்பதற்கான வாய்ப்பு முன்பு இருந்த அளவு இராது.

போபாலுக்குக் காரணம் ஒரு தொழிலாளியின் நாசவேலை என்று யூனியன் கார்பைடு நிறுவனம் வாதிட்டது. வாதத்துக்கு அதை ஏற்றுக்கொண்டே பார்ப்போம். தண்ணீர் எப்படிப் புகுந்தது என்ற வட்டத்தில் ஒரு மதிப்பு மாறும். குளிரூட்டி, ஸ்க்ரப்பர், ஃப்ளேர் என்ற கிளையில் ஒன்றுமே மாறாது. தண்ணீரை யார் விட்டிருந்தாலும் அரண்களை முடக்கி வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள். அந்த வாதத்தின் ஓட்டை படம் போட்டால் பளிச்சென்று தெரிகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறையை எனக்குப் பிடிக்கும்.

"எண் வந்துவிட்டால் முடிவு வந்துவிட்டது"

சேலஞ்சர் விண்கல விபத்தை விசாரித்த குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபெயின்மன் 1986இல் ஒரு முரணைப் பதிவு செய்தார். கலம் அழியும் வாய்ப்பு நூறாயிரத்தில் ஒன்று என்றது நாசா நிர்வாகம். பொறியாளர்களின் மதிப்பீடு நூற்றில் ஒன்றுக்கு அருகில். ஒரே கலம், ஆயிரம் மடங்கு வேறுபாடு. விரும்பிய விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற எண்களை உள்ளே திணிப்பது பேய்சியன் வலையிலும் மிக எளிது. படம் அழகாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதும் இல்லை.

விடையாக வரும் தனி எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எந்த அரணைச் சரிசெய்தால் அது எவ்வளவு இறங்குகிறது, எந்த அம்பை அழித்தால் எவ்வளவு மாறுகிறது என்ற ஒப்பீட்டில்தான் பயன். அதுவும் நாள்தோறும் புதுப்பித்தால் மட்டும். உரிமம் வாங்கும்போது வரைந்து அலமாரியில் வைத்த வலை, 1984 மே மாதத்துப் போபாலைக் காட்டும். டிசம்பர் மாதத்துப் போபாலை அல்ல.

போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். 1989இல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. பெருவிபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் வசிப்பவர்களுக்கு ஆபத்து என்ன, அப்போது செய்ய வேண்டியது என்ன என்று முன்கூட்டியே தெரிவிக்க அந்த விதிகள் கட்டளையிடுகின்றன. உங்கள் ஊருக்கு அருகே அப்படியோர் ஆலை இருந்தால் அந்தத் தகவலைக் கேளுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: இன்றைய தேதியில் அங்கே நிறுத்தி வைத்திருக்கும், பைபாஸ் செய்து வைத்திருக்கும் பாதுகாப்புக் கருவிகள் எவை, எத்தனை நாளாக?